வாசல் தடுப்புக் கம்பம் வண்டியின் மேல் இறங்கினால்: முகாம் நிர்வாகத்தின் பொறுப்பை நிலைநாட்டும் வழி

ஆனி மாதத்தில் சாரல் இறங்கியதும் குற்றாலத்துக்கும், ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கும் குடும்பத்தோடு வண்டி கட்டிப் புறப்படுவது நெல்லைச் சீமையின் பழைய வழக்கம். வேனின் மேல் கேரியரில் பாத்திரமும் அரிசி மூட்டையும் ஏற்றிச் செல்வோர் இன்றும் உண்டு; படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த கேரவன் வண்டியை வாடகைக்கு எடுப்போரும் சொந்தமாகக் கட்டிக்கொள்வோரும் அவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள். இத்தகைய வண்டிகளுக்கு இடம் தரும் தங்கும் முகாமின் வாசலில் தானாக ஏறி இறங்கும் தடுப்புக் கம்பம் ஒன்று இருந்து, வண்டி பாதி நுழைந்த நிலையில் அது கூரையின் மேல் இறங்கிவிட்டால், நிர்வாகம் சொல்லும் முதல் பதில் பெரும்பாலும் "ஓட்டுநர் அவசரப்பட்டுவிட்டார்" என்பதாகவே இருக்கும். இந்தப் பதிலைக் கேட்டு மனம் தளர்ந்து, பழுதுச் செலவைத் தாமே சுமந்துகொண்டு திரும்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இவ்வகைத் தகராறில் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. கம்பம் ஏன் இறங்கியது என்பதற்கான சான்று முழுவதும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. கேமரா பதிவும் பராமரிப்பு ஏடும் ரிமோட்டும் அவர்களுடையவை. ஆகவே வாக்குவாதத்தில் வெல்வதைவிட, அந்தச் சான்று அழிவதற்கு முன் அதை எழுத்து மூலம் கேட்டுவைப்பதே முக்கியமான வேலை.

கம்பம் இறங்கும் விதம்

எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதற்கு, கருவி இயங்கும் முறையைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். வாசல் தரையில் செவ்வக வடிவில் கீறப்பட்டுத் தாரோ பிசினோ பூசி மூடப்பட்ட கோடு தென்பட்டால், அதன் அடியில் கம்பிச் சுருள் புதைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மேலே நிற்கும் வண்டியின் உலோக அடிப்பாகத்தை அந்தச் சுருள் உணரும். உணர்ந்துகொண்டிருக்கும் வரை கம்பத்தை இறங்கவிடாது. வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து உயர உயர இந்த உணர்வு வலுவிழக்கும். காருக்கு ஏற்ற அளவில் சுருளின் கூருணர்வை அமைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தால், உயரமான சேஸிஸ் கொண்ட வேனோ கேரவனோ நடுவில் நிற்கும்போதே "வண்டி கடந்துவிட்டது" என்று கருவி கணக்கிட்டுவிடக் கூடும்.

இரண்டாவது பாதுகாப்பு, இரு பக்கத் தூண்களுக்கிடையே செல்லும் ஒளிக்கதிர். கதிர் மறிக்கப்பட்டிருக்கும் வரை கம்பம் இறங்கக் கூடாது. ஆனால் காரின் பின்னால் கேரவனை இழுத்துச் செல்லும்போது இரண்டுக்கும் இடையே இணைப்புத் தண்டு மட்டுமே இருப்பதால், கதிர் தண்டுக்கு மேலாகத் தடையின்றிக் கடந்துவிடும். தூண்களில் உள்ள கண்ணாடி முகத்தில் சேறோ தூசியோ படிந்தாலும், மழையில் தூண் சாய்ந்தாலும் ஒளிக்கதிரின் வேலை கெடும். இவை தவிர, குறிப்பிட்ட வினாடிகளுக்குப் பின் தானாக இறங்கும் நேர அமைப்பும், எதன்மேலாவது பட்டால் உடனே மேலெழும் அமைப்பும் பல கருவிகளில் உண்டு. ரிமோட்டால் காவலாளியே இறக்கும் இடங்களில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அவர் பார்த்தாரா பார்க்கவில்லையா என்பது மட்டுமே கேள்வி.

முகாம் தன் வாசலில் கேரவன்களை வரவேற்றுக் கட்டணம் வாங்கும்போது, அந்த நீளமும் உயரமும் கொண்ட வண்டிக்கு ஏற்றவாறு கம்பத்தை அமைப்பது அதன் கடமை என்பது இந்தக் கட்டுரையாளரின் உறுதியான கருத்து. காருக்கு மட்டும் பொருத்தமான கருவியை வைத்துவிட்டுக் கேரவன் ஓட்டுநரைக் குறை சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

வண்டியை நகர்த்தும் முன்

ஆட்களுக்குக் காயம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். கம்பம், வண்டி, தரைக் கோடு ஆகிய மூன்றும் ஒரே படத்தில் வரும்படி தொலைவிலிருந்து ஒன்றும், சேதத்துக்கு அருகில் சிலவும் தேவை. சேதம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பெரிய சாட்சி. கீழே இறங்கியிருந்த கம்பத்தின் மேல் ஓட்டுநர் மோதியிருந்தால் அடையாளம் முன் கண்ணாடியிலோ முன் தூணிலோ இருக்கும். கூரையின் நடுவிலோ பின்பகுதியிலோ மேலிருந்து கீழாக அமுங்கிய பள்ளம் இருந்தால், வண்டியின் முன்பகுதி நுழைந்தபோது கம்பம் மேலேதான் இருந்தது என்பதை அதுவே காட்டிவிடும். டேப்பை வைத்துத் தரையிலிருந்து சேதம் வரை உள்ள உயரத்தையும், வண்டியின் முன்முனையிலிருந்து சேதம் வரை உள்ள நீளத்தையும் அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்துவிட வேண்டும்.

கருவியின் பெயர்ப்பலகை, தூணில் உள்ள ஒளிக்கண், வாசலில் உள்ள அறிவிப்புப் பலகைகள், கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது ஆகியவற்றையும் படமாக்க வேண்டும். உயர வரம்புப் பலகையோ "ஒரு முறைக்கு ஒரு வண்டி" என்ற பலகையோ இல்லையென்றால், அது இல்லாத வாசலையும் படமாக்குவது நல்லது, ஏனெனில் மறுவாரம் புதிதாக ஒன்று முளைத்திருக்கலாம். மூலப் படங்களைக் கைப்பேசியிலேயே விட்டுவைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் அளவு சுருங்கி, எடுத்த நேர விவரமும் போய்விடும். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவுகளுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

பின்னால் வந்த வண்டியின் ஓட்டுநர் பார்த்திருந்தால் அவருடைய பெயரும் எண்ணும் வேண்டும். பின் வண்டிகளில் முன்புறச் சாலையைப் படம்பிடிக்கும் டாஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவையும் கேட்டுப் பெறலாம்.

இந்தச் சமயத்தில்தான் மேலாளர் வந்து, "அண்ணாச்சி, இதை இங்கேயே பேசி முடிச்சிக்கிடுவோம்" என்று ஒரு தாளை நீட்டுவார். பேசி முடிப்பதில் தவறு இல்லை. ஆனால் சேதத்தின் முழு அளவு தெரியாத நிலையில் "எனக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை" என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திடக் கூடாது. பணம் பெறுவதானால் "பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியே பெற வேண்டும். கேரவனின் கூரைப் பலகையில் விழுந்த மயிரிழை விரிசல் அன்று கண்ணுக்குத் தெரியாது. அடுத்த மழையில் நீர் உள்ளே இறங்கி மரச்சட்டமும் மெத்தையும் ஊறிய பிறகுதான் தெரியும்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இழப்பைக் காவலாளியின் சம்பளத்தில் பிடித்துத் தருவதாக நிர்வாகம் சொன்னால் அதை ஏற்காதீர்கள். பணியாளர் வேலையின்போது செய்த கவனக்குறைவுக்கு அவரை வேலைக்கு வைத்தவரே பொறுப்பாளி. நம் கோரிக்கை நிறுவனத்தின் மேல்தான் இருக்க வேண்டும். நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் ஒரு மனிதரின் மாதச் சம்பளம் நம் வண்டியின் கூரைக்கு ஈடாகக் கூடாது.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெறலாம். காவல்துறை இழப்பீடு வாங்கித் தராது. ஆனால் நிகழ்ந்த தேதிக்கு அந்த ரசீது ஒரு சான்று.

முதல் கடிதம்

கேமரா பதிவுகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தாமாகவே அழிந்து, மேலே புதியவை பதியும். ஆகவே முதல் கடிதம் ஓரிரு நாட்களுக்குள் போய்விட வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதையே விரைவுத் தபாலிலும் அனுப்பிச் சேர்ப்பித்த விவரத்தை எடுத்துவைக்க வேண்டும். கடிதத்தில் கோபம் வேண்டாம். பின்வரும் முறையில் எழுதலாம்:

"தங்கள் முகாமுக்குள் இன்ன தேதியில் இன்ன நேரத்தில் என் வண்டி நுழைகையில், வாசலில் உள்ள தடுப்புக் கம்பம் வண்டியின் கூரைமேல் இறங்கிச் சேதம் விளைவித்தது. வண்டியின் முன்பகுதி கடந்த பின்னரே கம்பம் இறங்கியது. அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரக் கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாத்து நகல் தருமாறும், கம்பம் தானாக இறங்கியதா ரிமோட்டால் இறக்கப்பட்டதா என்பதையும், உணர்கருவிகள் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியையும், பராமரிப்பு ஏட்டின் நகலையும், தங்கள் பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் விவரத்தையும் 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதற்குப் பதில் வராவிட்டாலும் கடிதம் வீணாகாது. தன்னிடம் உள்ள சான்றை ஒருவர் காட்ட மறுத்தால், அது அவருக்கு எதிரானதாக இருக்கும் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம் நெடுங்காலமாக ஏற்ற கொள்கை. மேலே சொன்ன பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 119-ஆம் பிரிவில் உள்ளது. தில்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம், கட்டடம் முழுவதும் மாநகராட்சியின் கட்டுப்பாட்டில் இருந்ததையும், சாதாரணமாக அது தானே விழக் கூடியதல்ல என்பதையும் எடுத்துக்கொண்டு, நிகழ்ந்ததே கவனக்குறைவைக் காட்டுகிறது என்று தீர்ப்பளித்தது. சரியாகப் பராமரிக்கப்பட்ட கம்பம் நுழைந்துகொண்டிருக்கும் வண்டியின் நடுமுதுகில் இறங்காது என்ற வாதத்தை இதே அடிப்படையில் வைக்கலாம்.

வண்டி நிறுத்தும் இடம் பேரூராட்சிக்கோ கோவிலுக்கோ வனத்துறைக்கோ உரியதாக இருந்து, ஏலத்தில் எடுத்த குத்தகைதாரர் அதை நடத்தினால், கடிதத்தை இருவருக்கும் அனுப்ப வேண்டும். கம்பத்தைப் பராமரிப்பது யார் என்று குத்தகை ஒப்பந்தத்தில் இருக்கும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் அதன் நகலைக் கேட்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகை

சீட்டின் பின்புறத்திலும் வாசல் பலகையிலும் அச்சிடப்பட்டுள்ள இந்த வாசகமே பலரை வாயடைக்கச் செய்கிறது. தில்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலின் பணியாளரிடம் நிறுத்தக் கொடுத்த கார் திருட்டுப்போன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும், தன் பணியாளர்களின் கவனக்குறைவால் வந்த இழப்பிலிருந்து ஓட்டல் தப்பிவிட முடியாது என்று கூறியது. அங்கே சாவியோடு வண்டி ஒப்படைக்கப்பட்டிருந்தது என்ற வேறுபாட்டை மறைக்கக் கூடாது. முகாம் வாசலில் வண்டியை நாமே ஓட்டுகிறோம்; ஆகவே வண்டியை ஒப்படைத்தோம் என்று வாதிடாமல், கம்பத்தை இயக்குவதிலும் பராமரிப்பதிலும் கவனக்குறைவு, கட்டணம் வாங்கிய சேவையில் குறைபாடு என்ற இரண்டின் மேல் நிற்பதே சரி.

நம் பக்கத்துப் பிழையையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முன்னால் சென்ற வண்டிக்குத் திறந்த கம்பத்தின் கீழ் ஒட்டியபடி நுழைந்திருந்தால், அல்லது உயர வரம்பு தெளிவாக எழுதப்பட்டிருந்தும் கேரியர் சுமையோடு நுழைந்திருந்தால், பொறுப்பு பங்கிடப்படும். சில வேளைகளில் முழுவதும் நம்மேல் வரும். அப்படிப்பட்ட வழக்கில் பாதித் தொகைக்கு உடன்படுவது விவேகம்.

காப்பீடும் கணக்கும்

காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவித்துவிட்டு, சேதத்தை மதிப்பிடும் அவர்களுடைய சர்வேயர் பார்க்கும் வரை பழுது நீக்கக் கூடாது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் சொந்தச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், நிறுவனம் ஏற்காமல் நம்மேல் விடும் கழிவுத் தொகையும் தேய்மானமும் நம் கையிலிருந்து போகும். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்து 50 சதவீதம் வரை ஏறக்கூடிய சலுகையும் பறிபோகும். இவற்றை முகாமிடம் கேட்கலாம். காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகையை முகாமிடமிருந்து மீட்கும் உரிமை அந்த நிறுவனத்துக்குப் போய்விடுவதால், அவர்களைக் கேட்காமல் இனிக் கோரிக்கை இல்லை என்று முகாமுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் நம் காப்பீட்டுக் கோரிக்கையே கெட்டுவிடும். வாடகைக் கேரவன் என்றால் உரிமையாளருக்கு அன்றே தெரிவித்து, முன்பணத்தில் பிடித்தால் அதற்கு ரசீது பெற வேண்டும்.

டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகள் இரண்டில் மதிப்பீடு வாங்கி, சேதம் மேலிருந்து விழுந்த அழுத்தத்தால் ஆனது என்று தோன்றினால் அதையும் மதிப்பீட்டிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். கூரையில் நீர் ஊற்றிக் கசிவு பார்த்த பின்னரே தொகையை முடிவு செய்ய வேண்டும். இழுவை வண்டிச் செலவும் பழுது முடியும் வரை எடுத்த மாற்று வண்டியின் வாடகையும் ரசீதோடு கணக்கில் சேரும்.

நுகர்வோர் ஆணையம்

கடிதங்களுக்குப் பயன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். அதனால் பாளையங்கோட்டையில் வசிப்பவர், தென்காசி மாவட்டத்துக்குரிய குற்றாலத்தில் நேர்ந்த சேதத்துக்குத் திருநெல்வேலியிலேயே மனு செய்யலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம். வண்டியை வாடகைக்கு ஓட்டுபவர், சுயதொழிலாக அதைக் கொண்டே பிழைக்கிறார் என்றால், அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்; வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் அல்ல என்ற எதிர்ப்பு வருவதற்கு முன்பே பதில் அங்கே இருக்கும்.

மனுவில் முகாமின் உரிமையாளர், வாசலை நடத்தும் ஒப்பந்ததாரர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டித் தப்புவார். எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்; ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் கொடுக்கலாம். சமரசத்துக்கு வழி இருந்தால் ஆணையமே இரு தரப்பையும் அதற்கு அனுப்பும். சாதகமாக உத்தரவு வந்தும் பணம் வரவில்லையென்றால், அதே ஆணையத்தில், உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு இடம் தருகிறது.