நாள்காட்டியில் திதி பார்த்துப் பினாங்குக் கரையில் தூண்டில் போடுவது எப்படி

பினாங்குத் தீவில் புதிதாகத் தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள் முதலில் கடைக்குப் போய்க் கோலும் ரீலும் வாங்குகிறார்கள். நான் அவர்களை முதலில் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்க்கச் சொல்வேன். இங்கே கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. மீன் அந்த ஓதத்தோடு கரையோரம் மேய வந்து, ஓதத்தோடே திரும்பிவிடும். நீர் வற்றிக்கிடக்கும் நேரத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கோலை நீட்டினாலும் சேற்றில்தான் ஈயக் குண்டு விழும்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாள்களில், அதாவது பிரதமை, துவிதியையில், ஓதம் மிகப் பெரிதாக இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 2 மீட்டருக்கும் மேல் மாறும். தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவிலுள்ள கால்வாயில் நீரோட்டம் ஈயத்தை இழுத்துக்கொண்டு போகும், நீரும் கலங்கிவிடும். அஷ்டமி கழிந்து நவமி, தசமியில் இதற்கு நேர்மாறாகக் கடல் அசைவற்றுக் கிடக்கும். மலாய் மீனவர்கள் அதை ‘ஆயர் மாத்தி’, செத்த தண்ணீர், என்பார்கள். கரையிலிருந்து பிடிக்கிறவருக்கு ஏற்றவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்கள்: ஏகாதசி முதல் திரயோதசி வரை, பின்னர் சதுர்த்தி முதல் சஷ்டி வரை. ஏகாதசியன்று வீட்டில் மீன் சமைக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்; பிடித்ததைச் சுத்தம் செய்து பனிப்பெட்டியில் வைத்தால் மறுநாள் குழம்புக்கு ஆகும்.

திதி நாளைத்தான் சொல்லும், மணியைச் சொல்லாது. மணிக்கு, நில அளவைத் துறையான ஜூப்பெம் வெளியிடும் ஓத அட்டவணையையோ கைப்பேசிச் செயலியையோ பார்க்க வேண்டும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால், சனிக்கிழமை நேரம் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நீர் உச்சத்தைத் தொடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும், வற்றத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரமும் நான் கோலை விட்டு நகர்வதில்லை. இந்த நேரம் விடியலோடோ அந்தியோடோ சேர்ந்து வந்தால் அதைவிட நல்ல வேளை கிடையாது.

இடம், தேடும் மீனைப் பொறுத்தது. வடகரையில் தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி பக்கத்து மணற்கரைகள் கிழங்கான் மீனுக்கு ஏற்றவை. சிறுவர்களுடன் போகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். கிழக்குக் கரை சேறு. கெலாமாவும் கெளுத்தியும் கிடைக்கும். ஆனால் வற்றிய பின் தெரியும் சேற்றுவெளியில் யாரும் இறங்கக் கூடாது, முழங்கால் வரை புதைந்துவிடும். மேற்கே பாலிக் புலாவ் பக்கம் கண்டல் காடுகளை ஒட்டிய ஆற்றுமுகங்களில் சியாக்காப் என்னும் கொடுவா திரியும்.

கோல் 7 அல்லது 8 அடி, 3000 அல்லது 4000 அளவு ரீல், 10 கிலோ தாங்கும் தூண்டில் நரம்பு ஆகியவை போதும். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கொடுவாவுக்குப் போகிறவர் மட்டும் தூண்டில்முள்ளுக்கு மேலே இரண்டு சாண் நீளத்துக்குத் தடித்த நரம்பை முடிந்துகொள்ள வேண்டும். அதன் செவுள்மூடியின் விளிம்பு சவரக்கத்தி போன்றது. துள்ளித் தலையை உதறும்போது மெல்லிய நரம்பை அறுத்துவிடும். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி இழுத்தால் சூட்டில் நரம்பு அந்த இடத்தில் பலவீனப்படும்.

இரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கிழங்கானுக்குக் காலையில் பாசாரில் வாங்கிய இறாலை உரித்து, சுண்டுவிரல் நகத்தளவு துண்டாக நறுக்கி, முள்ளின் கூர் மட்டும் வெளியே தெரியும்படி கோத்தால் போதும். கொடுவாவுக்கு இறால் உயிரோடு நீந்த வேண்டும். அதன் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடி போன்ற ஓட்டினுள் கண்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரு கரும்புள்ளி தெரியும். முள் அதில் பட்டால் இறால் செத்துவிடும். அந்தப் புள்ளிக்கு முன்னால், கொம்பின் அடியில், மேலோட்டை மட்டும் துளைத்து மெல்லிய முள்ளை ஏற்றுங்கள். சரியாகச் செய்திருந்தால் நீரில் விட்டதும் அது காலடித்துக்கொண்டு கீழே இறங்கும். இரண்டு முறை வீசிய பின் இறால் வெளுத்துவிட்டால், தயங்காமல் மாற்ற வேண்டும்.

பிடிபட்ட எல்லாவற்றையும் கையால் தொடக் கூடாது. செம்பிலாங் என்னும் கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று நச்சு முட்கள் உண்டு. பத்து மாவுங்கில் ஓர் இரவு, விளக்கில்லாமல் அதைப் பிடிக்கப் போய் என் கட்டைவிரலில் குத்திவிட்டது. தோள்பட்டை வரை வலி ஏறியது. அருகிலிருந்த காப்பிக் கடைக்காரர் கொடுத்த வெந்நீரில் விரலை முக்கி வைத்த பிறகுதான் வலி தணிந்தது. ஏறத்தாழ 45 டிகிரி சூடு, அதாவது தாங்கக்கூடிய அளவு வெந்நீர்தான் இதற்கு முதலுதவி. குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால் மற்றக் கையால் சோதித்துவிட்டு முக்க வேண்டும்; வீக்கமோ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருக்கையின் வால்முள்ளும் அவ்வாறே. வயிற்றை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனைச் சமைத்தாலும் நஞ்சு போகாது; அதை ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

மே முதல் செப்டம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்ப் புயற்காற்று வரும். மேற்கு வானில் கரிய மேகத்திரள் வரிசையாக எழுந்து, குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் பொருள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள். இடி கேட்ட பிறகு கார்பன் கோலை நிமிர்த்திப் பிடிப்பது உயிருக்கே ஆபத்து. அது மின்சாரத்தைக் கடத்தும். அலை அடிக்கும் பாறைகளில் பாசி படிந்த பச்சைப் பகுதியில் கால் வைக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே சிறியதை விட்டால் மட்டும் போதாது, மிகப் பெரியதையும் விட வேண்டும், ஏனெனில் முட்டையிடுவது அதுதான். நடுத்தர அளவில் ஒன்றோ இரண்டோ குடும்பத்துக்குத் தாராளம். விடும் மீனை ஈரக் கையால் பிடித்து, நீருக்குள் நிமிர்த்தி வைத்து, தானாக வாலை அடித்து நழுவும் வரை தாங்கிக்கொள்ளுங்கள். வெடி, நஞ்சு, மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. ஆற்றுமுகங்களில் யாராவது அவ்வாறு செய்வதைக் கண்டால் மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.

அறுந்த நரம்பைக் கரையில் விடாமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; கரையோரப் பறவைகளின் காலைச் சுற்றி இறுக்குவது அதுதான். வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவி, நிழலில் உலர்த்தி, கைப்பிடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.