வால்பாறைக்குத் திடீர்ப் பயணமா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"நாளைக்கு லீவுதானே, வால்பாறை போயிட்டு வரலாமா?" என்று ராத்திரி பேசி முடித்து, காலையில் காரை எடுத்துவிடும் தம்பதிகளுக்காக இது. முன்கூட்டியே திட்டம் போடாமல் போவதில் ஒரு தப்பும் இல்லை. எங்கே சாப்பிடுவது, எந்த ஆற்றில் கால் நனைப்பது என்பதையெல்லாம் போகிற வழியில் முடிவு செய்யலாம். நேரத்தை மட்டும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். மலைப் பயணம் சொதப்புவது பெரும்பாலும் அதில்தான்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுவது முதல் தவறு. ஆழியாறைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். நிற்காமல் ஏறினாலே இரண்டு மணி நேரம் பிடிக்கும். நிற்காமல் யார் ஏறுகிறார்கள்? ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை இருக்கிறது. கீழே ஆழியாறு அணை, அதிர்ஷ்டம் இருந்தால் பக்கத்துப் பாறையில் வரையாடு. அங்கேயே அரை மணி நேரம் ஓடிவிடும்.

இ-பாஸ், அதாவது வண்டியோடு மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, இல்லாமல் கிளம்புவது அடுத்த தவறு. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் வந்த நடைமுறை, 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. காசு கிடையாது, போனிலேயே எடுக்கலாம். வீட்டிலேயே எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது. பெட்ரோலையும் பொள்ளாச்சியிலேயே நிரப்பிவிடுங்கள்.

இனி ரோடு. "ஏங்க, இங்க நிறுத்துங்களேன், ஒரே ஒரு போட்டோ" என்ற குரல் எப்போதும் வளைவில்தான் வரும். அங்கே மட்டும் நிறுத்தவே கூடாது. மேலிருந்து வரும் பஸ் திரும்புவதற்கு முழு ரோடும் வேண்டும், உங்கள் கார் நிற்பது ஓட்டுநருக்குத் தெரியாது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, தலையைத் தூக்கி மேல் ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்புங்கள். ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகிய வாடை அடிக்கும். அதற்கப்புறம் பிரேக் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியத்தைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. பனி மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் போதும்.

பக்கத்தில் இருப்பவருக்குக் குமட்டினால் முதலில் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறாதீர்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும். மெதுவாகப் போங்கள், பிஸ்கட் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு சாயங்காலம் நான்கு மணிக்கு நடக்கும். டீ குடித்துக்கொண்டே, "வந்த வழியே எதுக்குப் போகணும்? அதிரப்பள்ளி வழியா இறங்கிடலாமே" என்பார் ஒருவர். அழகான வழிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வழியில் கேரள எல்லையிலுள்ள மலக்கப்பாறையிலிருந்து அதிரப்பள்ளிக்குப் பக்கத்து வாழச்சால் வரை அடர்ந்த காடு. இருட்டும் நேரத்தில் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். விட்டாலும், கபாலி என்ற காட்டு யானை உலவும் ரோடு அது. 2022 நவம்பரில் அது எதிரே நடந்து வந்ததால் ஒரு பஸ் சுமார் 8 கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே போக வேண்டியிருந்தது. அந்த வழிதான் வேண்டுமென்றால் வால்பாறையில் தங்கி, காலையில் கிளம்புங்கள். தொடர் விடுமுறையில் நான்கு மணிக்கு அறை தேடினால் கிடைக்காது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு மூன்று விடுதிகளுக்குப் போன் போட்டுப் பாருங்கள்.