பிரிந்த பிறகு வீட்டைப் பங்கு பிரிப்பது: பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு செய்முறை

போன வருடம் என் சித்தி மகள் கணவரைப் பிரிந்து வந்தபோது ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். "பொண்டாட்டிக்குப் பாதி தானா வந்துடும்" என்றார் மாமா. "பிள்ளைங்க பேர்ல எழுதிட்டா சண்டையே இல்ல" என்றார் பெரியப்பா. இரண்டும் தப்பு. நான் வக்கீல் இல்லை, கோப்பைத் தூக்கிக்கொண்டு அவளோடு அலைந்தவள். அதில் கற்றதை எழுதுகிறேன்.

1. பத்திரத்தைப் படியுங்கள்

கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர இந்தியாவில் கல்யாணம் ஆனதாலேயே சொத்து பாதிப் பாதி ஆகிவிடாது. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். இருவர் பெயரும் இருந்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் சமபங்கு. பெயர் இல்லாத மனைவிக்கும் வழி இருக்கிறது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இல்லத்தரசியின் வீட்டு உழைப்பையும் சொத்து வாங்கியதில் பங்களிப்பாக ஏற்றது. ஆனால் அதை வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் வீட்டைப் பொறுத்தவரை தருவது குடியிருக்கும் உரிமை மட்டும்தான், பங்கு அல்ல. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

2. நிகர மதிப்பைப் போடுங்கள்

அரசின் வழிகாட்டி மதிப்பை வைத்துப் பேசாதீர்கள், அது பதிவுக் கட்டணத்துக்கானது. மதிப்பீட்டாளரிடம் சந்தை மதிப்பும், வங்கியிடம் இன்றைய கடன் பாக்கியும் எழுத்தில் வாங்குங்கள்.

ஓர் உதாரணம்: சந்தை மதிப்பு 80 லட்சம், கடன் பாக்கி 32 லட்சம், மீதி 48 லட்சம். முன்பணத்துக்காக மனைவி தன் நகையை விற்று 6 லட்சம் போட்டிருந்தால், நகை அவளுடைய சீதனம், அவளுக்கு மட்டுமே சொந்தம், அதை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் 42 லட்சத்தில் ஆளுக்கு 21. ஆக அவளுக்கு 27, அவருக்கு 21. நகை விற்ற ரசீது இருந்ததால்தான் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

3. பிள்ளைகள் கணக்கைத் தனித் தாளில் எழுதுங்கள்

எல்லாரும் சறுக்குவது இங்கேதான். "தவணையை நான் கட்டறேன், ஸ்கூல் ஃபீஸை நீ பாத்துக்கோ" என்று அப்பா சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தவணையில் அசல் போகும் பகுதி வீட்டில் சேருகிறது, நாளைக்கு அவர் பங்காகத் திரும்பி வரும். பள்ளிக் கட்டணம் யாருக்கும் திரும்பி வராது. குழந்தையின் ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. "வீட்டில் பங்கு வேண்டாம், பிள்ளைச் செலவும் கேட்காதே" என்று பெற்றோர் எழுதிக்கொண்டாலும் அந்த உரிமை போய்விடாது. மாதச் செலவு, ஃபீஸ், ஆஸ்பத்திரி, வருடா வருடம் எவ்வளவு கூட்டுவது, எல்லாம் அந்தத் தாளில் வரட்டும்.

பெரியப்பா யோசனைக்கு வருவோம். மைனர் பெயரில் உள்ள வீட்டை அம்மாவோ அப்பாவோ கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மகளுக்கு 9 வயது என்றால் இன்னும் 9 வருடம் இந்தச் சிக்கல்தான். ஊர் மாற வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள்?

4. வழியைத் தேர்ந்தெடுங்கள்

ஒருவர் மற்றவர் பங்கை வாங்கலாம், அல்லது விற்றுப் பிரிக்கலாம். இரண்டும் நேரடியானவை, விளக்கம் வேண்டாம். மேலே சொன்ன கணக்கில் வீட்டை மனைவியே வைத்துக்கொள்வதென்றால் அவள் 21 லட்சத்தைப் புரட்டி, 32 லட்சம் கடனையும் தனியாக ஏற்க வேண்டும். ஒற்றைச் சம்பளத்தில் வங்கி யோசிக்கும்.

மூன்றாவது வழி, சின்னப் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்வரை விற்காமல் இருப்பது. பள்ளி மாறாது, தோழிகள் மாறமாட்டார்கள். ஆனால் தவணையை யார் கட்டுவது? 32 லட்சம், 8.5 சதவீதம், 15 வருடம் என்றால் மாதம் சுமார் 31,500 ரூபாய். முதல் மாதம் அதில் 22,667 வட்டி, மீதி எட்டாயிரத்துச் சொச்சம்தான் அசல். நாங்கள் எழுதியது இப்படி: வட்டி வாடகை மாதிரி, குடியிருப்பவர் பொறுப்பு. அசலை யார் கட்டினாலும் விற்கும்போது அவர் பங்கில் கூட்டிக்கொள்ளலாம். விற்கும் தேதி, அன்றைய மதிப்பே செல்லும் என்பது, சொத்து வரி யார் பொறுப்பு என்பது, இவையும் எழுத்தில் வேண்டும்.

5. காகித வேலை

பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் இந்த ஏற்பாடு முழுவதையும் குடும்ப நல நீதிமன்ற மனுவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

பங்கை விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு "நீங்கள் குடும்பமா?" என்ற கேள்வி வரலாம். அதனால் எதை முதலில் செய்வது என்று வக்கீலிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

விட்டுக்கொடுப்பவருக்கு ஒன்று. பத்திரத்தில் பெயர் போனாலும் கடனில் பெயர் தானாகப் போகாது. மற்றவர் தவணை கட்டத் தவறினால் வங்கி உங்களைத்தான் கூப்பிடும். கடனிலிருந்து விடுவித்ததாக வங்கிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டும். பதிவு முடிந்து சில நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். புதுப் பதிவு அதில் ஏறியிருந்தால், சொத்து வரி ரசீதிலும் கரண்ட் கார்டிலும் பெயர் மாற்றுவதுதான் பாக்கி.