மருத்துவப் படிப்பில் மார்க் எங்கே போகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவக் கல்லூரியில் சேருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள். எழுத்துத் தேர்வில் மார்க் வாங்கும் வித்தை அவர்களுக்கு அத்துப்படி. அந்த ஒரு வித்தையே இங்கேயும் போதும் என்று நம்புவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். விஷயம் தெரியுமா, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியுமா, செய்து காட்ட முடியுமா, அன்றாட வேலையில் உண்மையிலேயே செய்கிறாரா. எழுத்துத் தேர்வு எட்டுவது முதல் இரண்டு படிகள் வரைதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் சறுக்குவது மேலே உள்ள இரண்டில்.

மூன்றாவது படிக்கு வைக்கும் செய்முறைத் தேர்வுதான் ஆஸ்கி (OSCE). ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் சக மருத்துவர்களும் உருவாக்கி, 1975-இல் வெளியிட்ட முறை. மணி அடித்ததும் அடுத்த அறைக்கு நகர வேண்டும். ஒவ்வொரு அறையிலும் சில நிமிடங்களில் முடிக்க ஒரு வேலை. எதைச் செய்தால் எவ்வளவு மதிப்பெண் என்று எல்லாருக்கும் ஒரே பட்டியல். பட்டியல் இருக்கிறது என்று தெரிந்ததும் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள்.

அப்படி ஓர் அறையில் நெஞ்சுவலி நோயாளியாக நடிப்பவர், "எங்க அப்பாவும் இப்படித்தான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டார்" என்கிறார். மாணவர் தலை நிமிராமல், "சரி, சர்க்கரை இருக்கா?" என்று அடுத்ததற்குத் தாவுகிறார். குடும்ப வரலாறு என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடும். ஆனால் பல இடங்களில் தேர்வாளர் பட்டியலோடு ஒட்டுமொத்த மதிப்பீடு ஒன்றும் தருகிறார். நோயாளியாக நடித்தவரின் கருத்தைச் சேர்ப்பதும் உண்டு. "உங்களுக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கா?" என்று அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதே வெளியே வந்திருக்கும். அது தேர்வுக்கான உத்தி என்று நினைக்காதீர்கள், வைத்தியமே அதுதான்.

பாஸ் மார்க் எப்போதும் 50 என்று நினைப்பது இன்னொரு தவறு. ஆங்காஃப் முறையைப் பின்பற்றும் இடங்களில், தட்டுத்தடுமாறிப் பாஸாகும் நிலையில் உள்ள ஒரு மாணவர் இந்தக் கேள்விக்குச் சரியாக விடையளிக்க எவ்வளவு வாய்ப்பு என்று நிபுணர்கள் ஒவ்வொரு கேள்வியாக மதிப்பிடுகிறார்கள். அதன் கூட்டுத்தொகைதான் பாஸ் மார்க். தாள் கடினமாக இருந்தால் அது இறங்கும், எளிதாக இருந்தால் ஏறும். பக்கத்து நண்பர் எவ்வளவு வாங்கினாலும் உங்கள் பாஸ் மாறாது. அப்புறம் எதற்கு நோட்ஸை ஒளித்து வைக்க வேண்டும்? வகுப்பை வரிசைப்படுத்தி கிரேடு தரும் கல்லூரிகளும் உண்டு, ஆகவே உங்கள் கல்லூரியில் எது என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

பாஸ், ஃபெயில் மட்டும்தான் என்றதும் அசந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மருத்துவராக உரிமம் பெற எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வுக்கு 2022 ஜனவரி 26 முதல் மூன்று இலக்க மதிப்பெண் கிடையாது. ஆனால் நோயாளிகளைக் கவனிப்பதற்கான அறிவைச் சோதிக்கும் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சி.கே.வுக்கு மதிப்பெண் தொடர்ந்தது. முன்னதில் மேலோட்டமாகப் படித்தால் பின்னதில் தெரிந்துவிடும்.

வார்டு மதிப்பீட்டில் நடப்பது வேறு. ஒரு வார்டில் பயிற்சிக்குப் போடும் போஸ்டிங் முழுக்க வாயே திறக்காமல் இருந்துவிட்டு, கடைசி நாளில் "நான் எப்படிச் செஞ்சேன்?" என்று கேட்டால் எதையும் திருத்த நேரமிருக்காது. பாதி நாள் கழிவதற்குள் கேளுங்கள், அதையும் குறிப்பாகக் கேளுங்கள்: "கேஸ் சொல்லும்போது எங்கே தடுமாறுறேன்?" ஒருவர் குறைத்துப் போட்டுவிட்டார் என்று இடிந்துபோகவும் வேண்டாம். மதிப்பிடுகிறவருக்கு மதிப்பிடுகிறவர் வேறுபடுவார் என்பதால்தான் பலரிடம் பலமுறை மதிப்பீடு வாங்குகிறார்கள்.

நான்காவது படியில் நேர்மையையும் பார்க்கிறார்கள். பார்க்காத பிபியை சார்ட்டில் எழுதுவது எந்தத் தாளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் ஈடுகட்ட முடியாத தவறு. அந்த எண்ணை நம்பி இன்னொருவர் மருந்து கொடுத்துவிடுவார். ரவுண்ட்ஸில் கேட்டால், "இன்னும் பார்க்கலை, இப்பவே பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். திட்டு விழலாம். விழட்டும், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.