எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருந்தால் எல்லாம் சரியா?

ரேடியோவிலிருந்து கேபிள் வழியே போகும் பவரில் எவ்வளவு ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவுதான் எஸ்.டபிள்யூ.ஆர்.; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. மீட்டரில் இது 1.5 என்று பார்த்ததும் பதறிப்போய் ஆன்டெனாவை வெட்டிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை. 1.5-இல் திரும்பி வருவது வெறும் 4 சதவீத பவர். 2-இல் சுமார் 11 சதவீதம். 3-ஐத் தொட்டால்தான் கால் பங்கு திரும்புகிறது. அதற்குள் பல டிரான்ஸ்மிட்டர்கள் தாமாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

50 ஓம் கேபிளின் முனையில் 100 ஓம் இருந்தாலும் 2 காட்டும், 25 ஓம் இருந்தாலும் 2 காட்டும். ஓம் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று மீட்டர் சொல்லாது.

சரி, அளவு குறைவாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா? இங்கேதான் ஏமாறுகிறோம். கேபிளில் 3 டெசிபல் இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாமல் திறந்து கிடந்தாலும், போகும்போது பாதி, வரும்போது பாதி என்று கேபிளே விழுங்கிவிடும். மீதி கால் பங்குதான் மீட்டருக்குத் திரும்பும். அது காட்டுவது 3, உண்மையில் இருப்பதோ முடிவிலி! தண்ணீர் புகுந்து இழப்பு கூடிய கேபிள் நாளாக ஆக 'நல்ல' அளவு காட்டும் வேடிக்கையும் இதனால்தான்.

அதனால் முடிந்தால் ஆன்டெனாவின் அடியிலேயே அளந்துவிடுங்கள். ஏற முடியாத உயரமா? கேபிளை மாட்டும் முன்பே, மறுமுனையில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் மின்தடை) வைத்து, இரு முனைகளிலும் பவரை அளந்து இழப்பைக் குறித்துவையுங்கள். அப்புறம், ரேடியோ பக்கம் வைக்கும் டியூனர் (பொருத்தத்தைச் சரிசெய்யும் கருவி) ரேடியோவை மட்டும்தான் சமாதானப்படுத்தும். கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தமின்மை அப்படியேதான் இருக்கும்.