வாடகை பாக்கியில் தெருவுக்கு வரும் குடும்பத்துக்கு வீடு பிடித்துக் கொடுப்பது எப்படி?

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டின சின்ன வாடகை வீடுகளில் ஒன்று. போய்ப் பார்த்தால் வாசலில் கேஸ் அடுப்பு, இரண்டு குடம், போர்வையில் சுற்றிய டிவி. பீரோ மட்டும் உள்ளே நின்றது. அதைத் தூக்க ஆளில்லை. அந்த வீட்டு அக்காவுக்குப் பனியன் கம்பெனியில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. கணவர் டையிங் என்கிற சாயப்பட்டறையில் கால் அடிபட்டு மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை. வாடகை 4,000, மூன்று மாத பாக்கி 12,000. கொடுத்திருந்த அட்வான்ஸ் 15,000. மீதி 3,000 வரவேண்டும் அல்லவா? "வெள்ளையடிக்கவே பத்தாதுங்க" என்றார் ஓனர்.

இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மாதம் 4,000 கொடுக்க அந்தக் குடும்பத்தால் முடியும். அடுத்த வீட்டுக்காரர் கேட்கும் 20,000 அட்வான்ஸைத்தான் மொத்தமாகப் புரட்ட முடியாது. கையில் இருந்த அட்வான்ஸ் கரைந்த நாளிலேயே அவர்கள் வீட்டை இழந்துவிட்டார்கள்; சாமான் வெளியே வந்தது பிறகுதான். ஆறு வருடமாக நாங்கள் நாலைந்து நண்பர்கள் திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் இந்த வேலையைச் செய்கிறோம். புதிதாக இறங்குபவர்கள் எதை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

படி 1: நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்

முதல் நாள் பணம் கொடுக்காதீர்கள். கேளுங்கள். என்றைக்குக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்? பாக்கி எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, அதற்குச் சீட்டு உண்டா? யார் யார் எங்கே வேலை? வாரச் சம்பளமா, மாதச் சம்பளமா? குழுக் கடன், வட்டிக் கடன் எத்தனை, எந்தெந்தக் கிழமை தவணை? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம்?

கடன் கணக்கை யாரும் முதல் தடவையில் முழுதாகச் சொல்லமாட்டார்கள். மூன்றாம் நாள்தான் நகை அடகு வெளியே வரும். கோபப்படாதீர்கள். "ஏன் கண்ணு, கொஞ்சம் சேத்தி வெச்சிருக்கலாமல்ல" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதை அவர்களிடம் ஏற்கனவே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள்.

படி 2: இருக்கிற வீட்டைக் காப்பாற்றப் பாருங்கள்

இன்னும் காலி செய்யவில்லை என்றால் புது வீடு தேடப் போகாதீர்கள். ஓனரைப் போய்ப் பாருங்கள். அவரும் பெரும்பாலும் மூன்று லைன் வீட்டு வாடகையை நம்பி, கட்டின கடனுக்குத் தவணை கட்டுகிற ஆள்தான். பாக்கியில் பாதி இன்றைக்கு, மீதி எட்டு சனிக்கிழமைகளில் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தால் பத்தில் ஐந்தாறு பேர் ஒத்துக்கொள்வார்கள். எங்கள் அனுபவத்தில் குறைந்த செலவில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது எல்லாம் இந்தப் படியில்தான்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி குடியிருப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். கரண்ட், தண்ணீரை நிறுத்தி விரட்டக்கூடாது. வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதியிருந்தால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. ஆனால் லைன் வீட்டில் ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருப்பதே அபூர்வம். அதனால் சட்டத்தை எடுத்த எடுப்பில் தடி மாதிரி ஓங்காதீர்கள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார் என்றால் மட்டும் அந்தப் பேச்சை எடுங்கள். 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதற்கு வருமான வரம்பு கிடையாது.

படி 3: இன்றைக்கு ராத்திரி எங்கே?

மாநகராட்சி நடத்தும் வீடற்றோர் தங்கும் விடுதிகள் கோவையிலும் மற்ற பெரிய ஊர்களிலும் உண்டு. குடும்பமாகச் சேர்த்துக்கொள்வார்களா, ஆண் பெண் தனித்தனியா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கூட்டிப் போங்கள். அடி உதைக்குப் பயந்து வந்த பெண் என்றால் பெண்கள் உதவி எண் 181; அரசின் சகி உதவி மையத்தில் தங்கவும் வைப்பார்கள். சேர்ந்து குடியிருந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்கும் உரிமையை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்குத் தருகிறது. அதைப் பேசுவது பிறகு. முதலில் அவள் பத்திரமாக இருக்கட்டும்.

சொந்தக்காரர் வீட்டில் "ஒறம்பரையாக", விருந்தாளியாக, பத்து நாள் என்பதும் நல்ல வழிதான். ஆனால் பிள்ளைகளை ஒரு ஊரில், அப்பாவை ஒரு ஊரில் என்று பிரித்து அனுப்பாதீர்கள். பிரிந்த குடும்பத்தைச் சேர்ப்பது வீடு பிடிப்பதைவிடக் கஷ்டம்.

படி 4: காகிதங்களும் வரவேண்டிய பணமும்

ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று. எல்லாவற்றையும் போனிலும் போட்டோ எடுத்து வையுங்கள். மழையில் நனைந்த மூட்டையிலிருந்து ரேஷன் கார்டைப் பிரித்தெடுத்து வெயிலில் காயவைத்த பிறகு நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் இது.

இங்கே பாதிக்குப் பாதி குடும்பங்கள் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவை. ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கும். அதற்காக அரிசியை விட்டுவிட வேண்டாம். கைரேகை வைத்து இங்குள்ள கடையிலேயே வாங்கலாம். பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டிவந்தால், டிசி வர நேரமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனாலும் கூடியமட்டும் பழைய பள்ளிக்கூடத்தையே தொடரவிடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மாறாமல் இருப்பது அது ஒன்றுதான்.

அடுத்தது, பலரும் கோட்டைவிடும் இடம். அவர்களுக்கு வரவேண்டிய பணம் எங்காவது நிற்கிறதா என்று தேடுங்கள். அனுப்பர்பாளையத்துக் கணவரின் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தது. வேலையில் அடிபட்டால் இஎஸ்ஐயில் தினச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. மூன்று மாதமாக அந்தக் குடும்பத்துக்கு அது தெரியாது. கம்பெனியிலும் யாரும் சொல்லவில்லை. விபத்து அறிக்கை, டாக்டர் சான்று என்று அலைந்து அந்தப் பணம் வந்தபோது குழுக் கடனில் பாதி அடைந்தது. விதவை, கைவிடப்பட்ட பெண் என்றால் மாதாமாதம் அரசு உதவித்தொகை, குடும்பத் தலைவிக்கு மகளிர் உரிமைத் தொகை, இவற்றில் எதற்குத் தகுதி இருக்கிறது என்று பாருங்கள்.

படி 5: சனிக்கிழமைக் கணக்கு

சம்பளம் வாரத்துக்கு, வாடகை மாதத்துக்கு. திருப்பூரில் முக்கால்வாசிப் பிரச்சினை இந்த இடைவெளியில்தான். அந்த அக்காவுக்கு ஒரு ஷிப்ட் 400. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 600, ஆறு நாளைக்கு 3,600. சனிக்கிழமை ராத்திரி கைக்கு வரும். ஞாயிறு கறி, திங்கள் குழுக் கடன், புதன் வட்டிக்காரர். முதல் தேதிக்கு மிச்சம் இருப்பது 700.

நாங்கள் செய்வது இதுதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் 1,000 ரூபாய் தனியாக, வேறு கணக்கில். நாலு சனிக்கிழமையில் வாடகை தயார். வருடத்தில் நாலு மாதத்துக்காவது ஐந்து சனிக்கிழமை வரும். அந்த ஐந்தாவது ஆயிரத்தைத் தொடக்கூடாது. அதுதான் ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடிக் கிடக்கும் வாரத்துக்கான பணம். ஒன்றரை ஷிப்டை நம்பி வாடகை போடாதீர்கள். ஒரு ஷிப்ட் சம்பளத்தில் கட்டமுடியாத வீடு அவர்களுக்கான வீடு இல்லை. 400 சம்பளத்துக்கு மாதம் 9,600. அதில் 4,000 என்பதே இறுக்கம்தான், அதற்கு மேல் போகவே கூடாது.

படி 6: தெருத்தெருவாக நடப்பது

புரோக்கர் வேண்டாம், ஒரு மாத வாடகை கமிஷனில் போய்விடும். டு-லெட் போர்டு, மளிகைக்கடை அண்ணாச்சி, தண்ணி வண்டிக்காரர் போதும். ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் என்பதால் ஓனர்கள் இறங்கி வருவார்கள். குடும்பத்துக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அந்த அக்கா, "ரோட்டுல நிக்கறதுக்கு ஆடியாவது ஆவணியாவது" என்றார். 20,000 கேட்ட வீடு 12,000க்கு வந்தது ஆடியால்தான்.

பார்க்கவேண்டியவை: கரண்டுக்குத் தனி மீட்டரா, ஓனர் வைத்த சப்-மீட்டரா? சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு? அரசு கொடுக்கும் இலவச யூனிட் யார் கணக்கில் போகிறது? நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம்? பாத்ரூம் எத்தனை வீட்டுக்குப் பொது, பெண்பிள்ளை ராத்திரி தனியாகப் போய்வர முடியுமா?

தூரத்தை நான் ஒருமுறை தப்பாகப் போட்டேன். பல்லடம் ரோட்டில் 2,500க்கு நல்ல வீடு, தோட்டத்துக்குள். மகிழ்ச்சியாகக் குடிவைத்தேன். கம்பெனி அவிநாசி ரோட்டில். ராத்திரி எட்டரைக்கு ஷிப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறி அந்த அம்மா வீடு வரும்போது பத்து. மூன்றாவது வாரம் வேலையை விட்டார், ஐந்தாவது வாரம் வீட்டையும் விட்டார்கள். இப்போது கம்பெனி வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தைத் தாண்டி நான் வீடே பார்ப்பதில்லை.

இன்னொன்று. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். சுற்றி வளைத்து "எந்த ஊரு, எந்தக் கோயிலு" என்றும் கேட்பார்கள். பொய் சொல்லி வீடு வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் தெரிந்து, சாமான் மறுபடி வாசலுக்கு வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவேன். இருபது வீடு பார்த்தால் கேட்காத இரண்டு வீடு கிடைக்கும். அலைச்சல்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படி 7: அட்வான்ஸ் யார் பெயரில்?

குடும்பத்தின் பெயரில். உங்கள் கணக்கிலிருந்து ஓனருக்கு நேராக அனுப்பாதீர்கள். அந்த அக்காவின் கணக்கில் போட்டு, அங்கிருந்து ஓனர் கணக்குக்குப் போகட்டும். அவர்தான் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி அதுதான். ஒரு வெள்ளைத் தாளிலாவது தொகை, தேதி, வாடகை, கரண்ட் யூனிட் விலை எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். பதினொரு மாத ஒப்பந்தம் எழுத ஓனர் சம்மதித்தால் இன்னும் நல்லது. முன்னே சொன்ன வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். குடிபோகிற அன்றைக்கே சுவர், கதவு, சிங்க், சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். வெள்ளையடிக்கிற கணக்கு பிறகு எழாது.

பணத்தை நாங்கள் பாதி அன்பளிப்பு, பாதி கைமாற்று என்று வைப்போம். கைமாற்றைத் தீபாவளி போனஸில் திருப்பினால் போதும். முழுவதும் சும்மா கொடுத்தபோது சிலர் எங்களைப் பார்த்தாலே தலைகுனிந்து போனார்கள். முழுவதும் கடனாகக் கொடுத்தபோது போனையே எடுக்கவில்லை.

படி 8: அரசு வீட்டுக்கு மனு

குடிபோன வாரமே போட்டுவிடுங்கள், ஆனால் அதை நம்பி எதையும் நிறுத்திவைக்காதீர்கள். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்குத் திருப்பூரில் வீரபாண்டி, கோவையில் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் அடுக்குமாடிகள் உண்டு. பங்களிப்புத் தொகை கட்டவேண்டி வரும். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கட்டினவை என்றால் நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக்கூடாது. இங்கேயும் தூரம்தான் கேள்வி. உக்கடம் மார்க்கெட்டை நம்பிப் பிழைத்தவர்களுக்கு மலுமிச்சம்பட்டி வீடு கிடைத்தால், பஸ் காசையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சொந்த ஊரில் பட்டா இடத்தில் குடிசை இருந்து, திரும்பிப் போகவும் மனசிருந்தால் கலைஞரின் கனவு இல்லம் என்கிற அரசு வீட்டுத் திட்டம் பார்க்கலாம்: 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

படி 9: ஆறு மாதம்

பால் காய்ச்சின அன்றைக்குப் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு போன்: "ஆயிரம் எடுத்து வெச்சாச்சுங்களா?" மூன்றாம் மாதத்திலிருந்து மாதம் ஒருமுறை. நடுவில் ஒரு வாடகை கண்டிப்பாக இடறும். அப்போது நீங்கள் கட்டிவிடாதீர்கள். ஓனரிடம் அவர்களே போய்த் தவணை கேட்கட்டும். நீங்கள் தெருமுனையில் நில்லுங்கள்.

அனுப்பர்பாளையத்து அக்காவின் புது ஓனர் ஜாமீன் ஆள் வேண்டும் என்று என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். மூன்றாம் தேதி தாண்டினால் எனக்குத்தான் கூப்பிடுவார். தை பிறந்து ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். பாக்கிதான் என்று நினைத்து எடுத்தேன். "ஏனுங்க, அந்த அம்மிணி உங்க நம்பரை அழிச்சிரச் சொல்லுதுங்க. எதுன்னாலும் தன்னையே கேக்கச் சொல்லுது. அழிச்சிரட்டுங்களா?" என்றார்.

அழித்துவிடச் சொன்னேன்.