ரேடியோ டெலிபோன்: எந்தப் பாகத்தை எப்போது மாற்றுவது?

எதிர்முனை பேசுவது கேட்கிறது, நாம் பேசுவது போகவில்லை என்று ஒரு விஎச்எஃப் (மிகை அதிர்வெண்) ரேடியோ டெலிபோன், அதாவது பொத்தானை அழுத்திப் பேசும் வானொலிக் கருவி, மேசைக்கு வந்தால், பலரும் முதலில் அலையைப் பெருக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும் பவர் டிரான்சிஸ்டரைத்தான் கழற்றுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன்.

மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தைப் பாருங்கள். 25 வாட் கருவி, பேசும் பொத்தானை அழுத்தியதும் 5, 6 ஆம்பியர் இழுக்கும். மல்டிமீட்டரைக் கருவியின் முனையிலேயே வைத்து, பொத்தானை அழுத்தியபடி அளக்க வேண்டும். 13.6 வோல்ட் சட்டென்று 11க்கு இறங்கினால் கோளாறு வெளியே இருக்கிறது: மெலிந்த கம்பி அல்லது பச்சை பூத்த பியூஸ் பிடிப்பான். இணைத்த உடனே பியூஸ் போகிறதென்றால் யாரோ பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கலாம். உள்ளே காவல் டையோடு ஷார்ட் ஆகியிருக்கும். அதை எடுத்துவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த முறை கருவியே போகும்.

சோதனைக்கு ஆன்டெனா வேண்டாம், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் மின்தடையான டம்மி லோடு போதும். எதையும் இணைக்காமல் பொத்தானை அழுத்தினால் நல்ல டிரான்சிஸ்டரும் எரிந்துபோகலாம். ஆன்டெனாவோடு அழுத்தினாலோ, கடல்வழிக் கருவி 16ஆம் சேனலில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், நிற்கக்கூடும். அது ஆபத்தில் இருப்பவர்கள் அழைக்கும் சேனல், நம் சோதனை அதில் குறுக்கிடும்.

பேசும்போதும் கேட்கும்போதும் ஆன்டெனாவை மாற்றி இணைக்கும் ரிலே இருந்தால் அதன் தொடுமுனை கருத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டிக் காகிதத்தை இடையில் விட்டு இழுத்தால் போதும். உப்புக்காகிதம் முலாமைத் தின்றுவிடும்.

அடுத்து எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். தலை உப்பியதை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். உப்பாமலே அடியில் கசிவதுதான் ஏமாற்றும். ஈயம் மினுமினுப்பு இழந்திருக்கும், சூட்டுக்கோல் பட்டதும் மீன் வாடை வரும். அங்கே பாகத்தை மட்டும் மாற்றினால் போதாது, பலகையைக் கழுவிக் காயவைத்துத்தான் புதியதைப் பொருத்த வேண்டும். 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையை வாங்குங்கள்.

டிரான்சிஸ்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் வேறு ஜாதி. அங்கே சி0ஜி எனும், சூட்டில் மதிப்பு மாறாத பீங்கான் வகை அல்லது மைக்கா மட்டுமே. அதே மதிப்புதானே என்று எக்ஸ்7ஆர் எனும் சாதாரணப் பீங்கான் வகையைப் போட்டால் அது சூடேறும், மதிப்பு நழுவும். கால்களை ஒட்ட நறுக்குங்கள்: ஒரு சென்டிமீட்டர் கம்பி ஏறத்தாழ 10 நானோஹென்றி, 156.8 மெகாஹெர்ட்ஸில் அது 10 ஓம் தடையாக நிற்கும். பாகம் சரியாக இருந்தும் வாட் வராததற்கு இந்தக் கால்நீளமே பெரும்பாலும் காரணம்.

இத்தனைக்குப் பிறகும் வாட் வரவில்லையென்றால் டிரான்சிஸ்டரைக் கழற்றலாம். 2எஸ்சி1971 போன்றவை உற்பத்தி நின்ற சரக்கு. சந்தையில் போலி நிறைய. அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். கருப்புப் பூச்சு பஞ்சில் ஒட்டினால் யாரோ பழைய எழுத்தை மறைத்துப் புது எண் அச்சடித்திருக்கிறார்கள். ஆர்டி15எச்விஎஃப்1 போன்ற மாஸ்ஃபெட்டை நேரடி மாற்று என்று விற்பார்கள், நம்ப வேண்டாம். பழையது பயாஸ், அதாவது உள்ளீட்டு முனைக்குத் தனி மின்னழுத்தம், இல்லாமலே வேலை செய்யும் சுற்றில் உட்கார்ந்திருக்கும். மாஸ்ஃபெட்டின் கேட் என்ற உள்ளீட்டு முனைக்குச் சில வோல்ட் தனியாகக் கொடுத்தாக வேண்டும், ஓம் மதிப்பைப் பொருந்தச் செய்யும் சுற்றையும் திருத்த வேண்டும். வெள்ளைப் பீங்கான் உடல் கொண்ட பழைய பவர் டிரான்சிஸ்டர் சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு உண்டு. அவற்றை உடைக்காதீர்கள், அரத்தால் ராவாதீர்கள்; அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

பொருத்தியபின் வெப்பப் பசையை மெல்லியதாகத் தடவி, முதலில் 1 வாட்டில் ஓட்டி, ஆம்பியர் ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். நிலையாக நின்றால் 25க்குப் போகலாம். பிறகு மூடியின் திருகுகளை ஒன்றுவிடாமல் முடுக்குங்கள். கவசத்தகட்டைத் தரை இணைப்போடு சேர்ப்பவை அவைதான்.